பதினொரு நிமிடப் பழி

மார்ச் 3, செவ்வாய்

என் துரைக்கு,

அம்மா எழுதுவது. போனை எடுத்துப் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் நீ ஒரு தடவை "அம்மா" என்று இழுத்தாலே நான் பாதி இளகிவிடுவேன். மீதியை நீ பேசியே கரைத்துவிடுவாய். அலுவலக மெயிலில் எழுதலாம் என்றால் அதை நாலு பேர் படிப்பார்கள், அதில் மூன்று பேர் உனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். அதனால் பேப்பரில் எழுதி, தினமும் ரத்தப் பைகளை ஏற்றிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடும் நம் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

எங்கள் சேமிப்பு நிலையத்தில் ரத்தம் வழங்கும் கவுன்டரில் இருக்கும் கண்ணாடி அக்காவை உனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தங்கை வயசுதான், ஆனாலும் எல்லோருக்கும் அவள் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு நேராக என் சர்வர் அறைக்கு வந்து நீ உட்கார்ந்திருந்த காலத்தில் உனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவள். போன வெள்ளிக்கிழமை அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே ஒரு பை ரத்தத்தை வெளியே கொடுத்துவிட்டாளாம்.

ரத்தத்தைச் சோதிப்பது உங்கள் தலைமை ஆய்வகம். முடிவு எங்கள் திரைக்கு வந்த பிறகுதான் இங்கே பையைக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. முடிவு வந்த கையோடு கொடுத்தேன் என்கிறாள். பதிவைப் பார்த்தால் முடிவு வருவதற்கு ஆறு நிமிடம் முன்பே பை வெளியே போயிருக்கிறது. அவசர அனுமதி பட்டனைத் திருட்டுத்தனமாக அழுத்தியிருக்கிறாள் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை.

"நான் முடிவைப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். ரெண்டு கண்ணு போதாதுன்னு கண்ணாடியும் சேர்த்து நாலு கண்ணால பாத்தேன்" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள்.

எனக்கு அவள் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லும் என்றும் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் முழித்தேன். வழி காட்டியது யார் என்று நினைக்கிறாய்? இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்த டிரைவர்தான். அவருக்கும் தெரியாது, காட்டியது தான் என்று. தேநீர் குடித்துக்கொண்டே புலம்பினார். "இங்கேருந்து அங்கே போனா ஏன் அம்பத்தோரு நிமிஷம், வழியில எங்க படுத்துத் தூங்கினேன்னு அங்க கேக்கிறாங்க. அங்கேருந்து இங்க வந்தா ஏன் இருபத்தொம்பது நிமிஷம், வேனைப் பறக்க விட்டியான்னு இங்க கேக்கிறாங்க. அதே ரோடு, அதே வேன், அதே நான். போகும்போது ஆமை, வரும்போது குதிரையாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளம்பும் நேரத்தை ஒரு கடிகாரம் எழுதுகிறது, சேரும் நேரத்தை இன்னொரு கடிகாரம் எழுதுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் அதே அளவு குறையும். கூட்டிப் பாதியாக்கினால் நிஜமான பயணம் நாற்பது நிமிடம். கழித்துப் பாதியாக்கினால் பதினொரு நிமிடம். உங்கள் ஆய்வகத்துக்கும் எங்கள் நிலையத்துக்கும் நடுவில் பதினொரு நிமிடம் இடிக்கிறது. பரிசோதனை முடிவின் நேரத்தைப் போடுவது உங்கள் கடிகாரம், பை வெளியே போன நேரத்தைப் போடுவது எங்கள் கடிகாரம். சர்வர்கள் ஒன்றையொன்று நேரம் கேட்டுக்கொள்வதும் இதே கணக்கில்தான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. நான் அனுமதி வாங்கிக்கொண்டு என் போனோடு சர்வர் அறைக்குள் போனேன். எங்கள் சர்வர் பதினொரு நிமிடம் பின்தங்கியிருக்கிறது. மொத்தக் கட்டடமும் அதைக் கேட்டுத்தான் நடக்கிறது. கேன்டீன் சுவர்க் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு, காவலாளி மாதம் ஒரு தடவை அதைக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார். ஆறு மாதமாக எங்கள் நிலையத்தில் ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை என்று மேலாளருக்குப் பாராட்டுக் கிடைத்ததே, அதன் ரகசியமும் இதுதான். மற்ற பைகள் மணிக்கணக்கில் காத்திருந்து போவதால் இந்தப் பதினொரு நிமிடம் யார் கண்ணிலும் படவில்லை. வேகமாக வேலை செய்த ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டாள்.

முதலில் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி போயிருக்கும் என்று மாற்றிப் பார்த்தேன். அது இல்லை. வெளியே இருக்கும் நேர சர்வர்கள் நான்கையும் எங்கள் சர்வர் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நான்குக்கு நேராகவும் வந்த பதில் பூஜ்யம். சும்மா கூப்பிட்டால் நான்கும் குரல் கொடுக்கின்றன, மணி என்ன என்று கேட்டால் மட்டும் பதில் வந்து சேரவில்லை. யாரும் பதில் சொல்லாவிட்டால் உன் சொந்தக் கடிகாரத்தையே நம்பிக்கொள் என்று சர்வரை நிறுவியவர்கள் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்கள். அது தன்னையே கேட்டு, தனக்கே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் நிற்பது ஃபயர்வால். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அங்கிருந்து ஆளுவது உன் அறை. யார் அதில் என்ன செய்தார்கள் என்று பார்த்துச் சொல். சீக்கிரம் சொல்.

அம்மா

பின்குறிப்பு: உன் சுவரில் இருக்கும் பெரிய திரையில் எங்கள் நிலையத்துக்கு நேராகப் பச்சை விளக்குதானே எரிகிறது? அது நேர சேவை ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. சரியான நேரமா என்று கேட்பதே இல்லை. அதையும் கவனி.


மார்ச் 5

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை டிரைவர் பத்து பேர் முன்னால் "அம்மா குடுக்கச் சொன்னாங்க" என்று நீட்டினார். ஏதோ பலகாரம் வந்திருக்கிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு மானக்கேடு.

வேன் கணக்கை வைத்துக் கண்டுபிடித்தாயே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. என் ஆட்கள் யாரும் இதைப் பிடித்திருக்கமாட்டார்கள். நான் ஃபயர்வாலைப் பார்த்துவிட்டேன். செப்டம்பரில் பாதுகாப்புத் தணிக்கைக்காகத் தேவையில்லாத போர்ட் வாசல்களை எல்லாம் மூடச் சொன்னார்கள். உன் நிலையத்தில் மூடியது நான்தான். நேரத்துக்கான போர்ட்டை விட்டுவைத்திருக்க வேண்டும். மற்றதோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. பச்சை எரிந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். போர்ட்டை நான் திறந்துவிடுகிறேன். நீ கடிகாரத்தைச் சரிசெய்துவிடு. அதோடு இதை விட்டுவிடலாம். கண்ணாடி அக்காவை வேலையைவிட்டுத் தூக்கமாட்டார்கள். நான் மேலே பேசுகிறேன், ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்துவிடுவார்கள். அக்கா நல்லவர், புரிந்துகொள்வார்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஏப்ரலில் நம் உரிமத்தைப் புதுப்பிக்க ஆய்வுக்கு வருகிறார்கள். ஆறு மாதமாக ஒரு நிலையத்தின் நேரமே தப்பு என்று நாமே வாயைக் கொடுத்தால், ஆறு மாதத்துப் பதிவு மொத்தமும் சந்தேகம் ஆகிவிடும். ஆயிரக்கணக்கான பைகள். ரத்தம் வாங்கியவர்கள் எல்லாம் பயந்துபோய் வாசலில் வந்து நிற்பார்கள். ஒருவருக்காக எத்தனை பேரைக் கலங்கடிப்பது? யோசி.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. எல்லா நிலையங்களுக்கும் என்னைப் பொறுப்பாளராக்கும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. நீ ஓய்வு பெற்றதும் இங்கே வந்துவிடுவாய் என்றுதான் பெரிய வீடாகப் பார்த்தேன். உன் அறைக்குக் கிழக்குப் பக்கம் ஜன்னல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா போன பிறகு நீ தனியாக இருந்தது போதும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உன் நிலையத்து நேரத்துக்கு இல்லை, சரியான நேரத்துக்கு.

உன் மகன்


மார்ச் 6

துரைக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கடைசி வரிக்குச் சிரித்தேன். மற்ற வரிகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை என் பிள்ளையே ஏற்பாடு செய்வான் என்று நினைத்ததில்லை. எச்சரிக்கைக் கடிதம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? சோதிக்காத ரத்தத்தைக் கொடுத்தவள் என்று எழுதியிருக்கும். அதற்குப் பிறகு அவள் கையால் ஒரு பையை எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? வேலை இருக்கும், அவள் கவுன்டரில் இருக்கமாட்டாள். எங்காவது ஒரு மூலையில் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பாள். அக்கா நல்லவர், புரிந்துகொள்வார் என்கிறாய். நல்லவர்களுக்குப் புரிய வைப்பதுதான் சுலபம் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லவில்லை.

ஆயிரக்கணக்கான பைகள் என்று பயமுறுத்தாதே. அதையும் பார்த்துவிட்டேன். எங்கள் கடிகாரம் ஒரே சீராகத்தான் பின்தங்கியிருக்கிறது, ஒரு நாளைக்கு நாலு விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. எந்தத் தேதிக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்று போட்டு, வழங்கிய ஒவ்வொரு பையையும் சரிபார்த்தேன். முடிவுக்கு முன்னால் ஒன்றுகூடப் போகவில்லை. நேரம்தான் தப்பு, ரத்தத்தில் தப்பில்லை. வாசலில் வந்து நிற்பவர்களுக்கு இதை நானே சொல்வேன். நாமாகச் சொன்னால் கேட்பார்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் கல்லெடுப்பார்கள்.

கடிகாரத்தை இப்போது திருத்தமாட்டேன். விசாரணைக் குழு அடுத்த வெள்ளிக்கிழமை வரும். வந்து, திரையில் ஒரு நேரமும் தங்கள் கையில் ஒரு நேரமும் இருப்பதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். அதுவரை இங்கே யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பைக்கும் ஆய்வகத்துக்குப் போன் போட்டு, முடிவைக் காதால் கேட்டபிறகுதான் கொடுக்கிறார்கள். "இந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் மணியை நம்பாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி எல்லாக் கதவிலும் ஒட்டியாயிற்று. மேலாளர் முகம் கடுகடு என்று இருக்கிறது. இருக்கட்டும்.

நீயும் தொடாதே. அங்கிருந்தே என் சர்வரில் கை வைக்க உனக்கு வழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கும் அப்படித்தான். அதற்காகப் பக்கத்துக் கூட்டைக் கலைத்துக் கொண்டுவந்து உனக்கு மெத்தை போடச் சொல்கிறாயா? முடியாது. கிழக்கு ஜன்னலைக் காட்டிக் கேட்டாலும் முடியாது.

நீயே வெள்ளிக்கிழமை வந்து சொல்லிவிடு. பக்கத்தில் நான் நிற்கிறேன்.

அம்மா


மார்ச் 11, புதன்

துரைக்கு,

இன்று காலை பதினொரு மணிக்கு இங்கே சைரன் அடித்தது. உன் காதுக்குக் கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன்.

குளிர் அறையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கருவி குறித்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் குறிப்பு வராவிட்டால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று சைரன் அடிக்கும். இன்று திடீரென்று கட்டடத்தின் கடிகாரம் பதினொரு நிமிடம் முன்னால் குதித்தது. கருவி திரும்பிப் பார்த்தது, கடைசியாகக் குறித்துப் பதினொரு நிமிடம் ஆகிவிட்டதே என்று அலறிவிட்டது. கையில் தேநீர்க் கோப்பையோடு எல்லோரும் வெளியே ஓடினோம். காவலாளி என்ன ஏது என்று தெரியாமல் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார். வெளியே நின்ற டிரைவர் உள்ளே வர முடியாமல், உள்ளே இருந்த மேலாளர் வெளியே போக முடியாமல், கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

எனக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. சைரன் அடித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். தலைமை ஆய்வகத்திலிருந்து உள்ளே வந்திருக்கிறாய், போர்ட்டைத் திறந்திருக்கிறாய், கடிகாரத்தைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறாய், போய்விட்டாய். ஒரு நிமிட வேலை.

எனக்குத் தெரியாமல் என் சர்வரில் கை வைத்தாய். தொடாதே என்று எழுதிய பிறகும் வைத்தாய். திருடன் வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது. நீ பள்ளியில் சண்டை போட்டு வந்தபோதுகூட உன்னிடம் இவ்வளவு கோபப்பட்டதில்லை. அன்றைக்காவது நேருக்கு நேர் நின்று அடித்துவிட்டு வந்தாய்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பதினொரு நிமிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல், சைரன் அடிக்காமல் திருத்த ஒரு வழி உண்டு. அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாய். நீ தள்ளியதில் கட்டடத்தில் இருக்கும் எல்லாக் கருவியிலும் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. குளிர் அறைப் பதிவில் பதினொரு நிமிடம் காலி. வருகைப் பதிவில் காலி. கேமராவில், ஆட்கள் ஒரு நொடியில் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாவுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய், சோற்றுப் பானையே உடைந்துவிட்டது. இனி குழுவுக்கு நான் திரையைக் காட்டத் தேவையில்லை. ஓட்டையைக் காட்டினால் போதும்.

யார் தள்ளியது என்று கேட்பார்கள். கேட்டால் சொல்வேன். இப்போதே உன்னிடம் சொல்லிவிடுகிறேன், பிறகு முதுகில் குத்தினாள் என்று நீ நினைக்கக் கூடாது.

இன்னும் ஒரு நாள் இருக்கிறது. வா.

அம்மா


மார்ச் 12

மதிப்பிற்குரிய சர்வர் நிர்வாகி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நேரச் சேவையைச் சரிசெய்வது என் பொறுப்புக்கு உட்பட்ட பணி. அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை.

நாளை நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். பெற்ற மகனின் தலையில் மண்ணைப் போட்டுவிட்டு அவன் வீட்டில் வந்து உட்காரலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஜன்னல் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அப்பா இருந்திருந்தால் என் பக்கம் நின்றிருப்பார்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பொறுப்பாளர்


மார்ச் 17, செவ்வாய்

என் துரைக்கு,

நீ "நீங்கள்" என்று எழுதியதைப் படித்துவிட்டு, வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்து மறுபடியும் படித்தேன். அப்பா உன் பக்கம் நின்றிருப்பார் என்கிறாய். நின்றிருப்பார். அவர் எப்போதும் உன் பக்கம்தான். அவரையும் எதிர்த்துக்கொண்டு நான் இதையே செய்திருப்பேன். எங்கள் வீட்டுச் சண்டைகள் உனக்கு மறந்துபோயிருக்காது.

விசாரணையில் நடந்ததை நீ என் வாயாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் சொல்லும்போது ஒன்று பத்தாகும்.

மாடிக் கூட்ட அறையில் நடந்தது. குழுவில் மூன்று பேர். ஒரு டாக்டர், ஒரு வயதான அதிகாரி, ஒரு வக்கீல் அம்மா. கண்ணாடி அக்கா சுவர் ஓரமாக, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். துவைத்துத் தேய்த்த கவுன்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சஸ்பெண்ட் ஆனவள் கோட்டுப் போடக் கூடாது என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். "நான் இந்த வேலை பாக்கறவ. இதைத்தான் போடுவேன்" என்றாளாம். எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது.

"இப்போ உங்க சர்வர்ல மணி சரியாத்தானே இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்போ சரி. புதன்கிழமை காலையிலதான் சரியாச்சு. அதுக்கு முன்னாடி ஆறு மாசம் பின்தங்கியிருந்துது" என்றேன். குளிர் அறைப் பதிவைக் காட்டினேன். வருகைப் பதிவைக் காட்டினேன். கேமராவில் மேலாளர் ஒரே தாவலில் வராந்தாவைக் கடப்பதைப் போட்டுக் காட்டினேன். டாக்டர் அதை இரண்டு தடவை போடச் சொன்னார். பிறகு வேன் போய்வந்த நேரங்களை முன்னால் வைத்தேன். வக்கீல் அம்மா கொஞ்ச நேரம் பேனாவால் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

"அப்படின்னா இந்த டிரைவரையும் ஆறு மாசமா சும்மா திட்டியிருக்காங்க" என்றார்.

"ஆமா. அவருக்கும் யாராவது சொல்லணும்" என்றேன்.

கண்ணாடி அக்கா கொடுத்த பையின் நேரத்தோடு அன்றைய பதினொரு நிமிடத்தைக் கூட்டினால், முடிவு வந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் பை வெளியே போயிருக்கிறது. வேலையைத் தெரிந்தவள் எவ்வளவு நேரத்தில் செய்வாளோ அவ்வளவு நேரம். அந்த நோயாளி இப்போது வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

அதிகாரி கடைசியில் கேட்டார். "ஃபயர்வால்ல அதை மூடினது யாரு? புதன்கிழமை கடிகாரத்தைத் தள்ளினது யாரு?"

உன் கடிதங்கள் என் பையில் இருந்தன. அவற்றை வெளியே எடுக்கவில்லை. நீ அம்மாவுக்கு எழுதியது அம்மாவுக்குத்தான். இந்தக் கடிதத்தோடு அவற்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள். யார் எப்போது எதைச் செய்தார்கள் என்பது கருவியிலேயே இருக்கிறது. அதைக் காட்டினேன்.

"ரெண்டும் தலைமை ஆய்வகத்து நெட்வொர்க் பொறுப்பாளர்" என்றேன். பிறகு, "என் மகன்" என்றேன்.

கண்ணாடி அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதைச் செய்தது நீ என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, ரொம்ப மரியாதையாக, "உறவெல்லாம் எழுத வேண்டாம்மா. பதவி மட்டும் போதும்" என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

"எழுதுங்க சார். அவன் பரிசு வாங்கினப்போ என் மகன்னு ஊரெல்லாம் சொன்னவ நான். இன்னைக்கு மட்டும் அவன் யாரோ, நான் யாரோவா? என் மகன்னே எழுதுங்க. ஆறு மாசம் தன் சர்வரோட மணியைத் திரும்பிப் பாக்காத அம்மான்னு என்னையும் பக்கத்துல எழுதுங்க" என்றேன்.

எழுதினார்கள். இரண்டையும் எழுதினார்கள்.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். யாராவது செத்துப்போயிட்டாங்களா என்று கேட்டாள். இல்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று கண்ணாடி அக்கா கவுன்டருக்குத் திரும்பிவிட்டாள். என்னிடம் வந்து நன்றி என்று சொல்லவில்லை. என் மேஜைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். உரிம ஆய்வுக்கு நம் குறையை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். அந்த அறிக்கையை எழுத என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். உன் பதவி உயர்வு உத்தரவை நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேலை போகாது என்கிறார்கள். போகாமல் இருக்க நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன், உன் வேலைத்திறமையைப் பற்றி. அது பொய் இல்லாததால் சொன்னேன்.

நான் இருக்கும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதை வீம்பு என்று நீ சொல்வாய். வீம்புதான். உன் வீட்டில் ஓர் அறைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், அந்த அறையில் எனக்குத் தூக்கம் வருமா?

வருத்தமே இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். வருத்தம் நெஞ்சு நிறைய இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நீ எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கோபம் தீரும்வரை கோபமாக இரு. சாப்பிட்டுவிட்டுக் கோபமாக இரு.

அம்மா


ஏப்ரல் 20

அம்மாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. தினமும் டிரைவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "பதில் இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவர் தொல்லை தாங்காமல்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

எல்லா நிலையங்களுக்கும் வேறு ஒருவரைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். என்னைவிட மூன்று வருடம் இளையவர். போன வாரத்திலிருந்து அவருக்குக் கீழேதான் வேலை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காபி எடுக்கப் போகிறார்கள். என் கோபம் இன்னும் தீரவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி அக்கா வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போதே திரும்பிவிடலாமா என்று இருந்தது. கதவைத் திறந்தவர் கையில் ஈரத்துணி இருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. "அம்மா அனுப்பினாங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அம்மாவோட நான் பேசறதே இல்ல" என்றேன்.

துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்போ சொல்லு" என்றார்.

வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்துவிடலாம் என்று உனக்கு எழுதியதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் வந்திருக்கலாம். நீ யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, போயிட்டு வா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மன்னித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

உன்னோடு பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை, அம்மா. வரும்போது நானே வருகிறேன். நீ கூப்பிடாதே.

உன் மகன்